விடியும்வரை தாங்குமா?

ஆண் பூனை ஒன்று மணல் தட்டில் போய் உட்காருகிறது. முதுகை வளைத்து முக்குகிறது. ஒன்றும் வரவில்லை. இறங்கி நாலடி நடந்துவிட்டுத் திரும்பவும் போய் உட்காருகிறது. இடையிடையே அடிவயிற்றை நக்கிக்கொள்கிறது. வீட்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வருவார்கள்: மலச்சிக்கல். கொஞ்சம் விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்கலாமா என்று பாட்டி கேட்பார். மணி இரவு பத்தரை ஆகிவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைப்பார்கள்.

உண்மையிலேயே மலச்சிக்கல் என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஆண் பூனை இப்படி முக்குகிறது என்று சொன்னதும் கால்நடை மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, ‘கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது?’ என்பதாகத்தான் இருக்கும். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் நுனிக்குப் போகப்போகக் குறுகிக்கொண்டே வரும். சளி, புரதம், சிறுநீரில் படியும் நுண்படிகங்கள் எல்லாம் சேர்ந்து திரண்டு அந்த ஒடுக்கத்தில் சிக்கிக்கொள்ளும். பெண் பூனைக்குக் குழாய் அகலமானது, நீளமும் குறைவு. அதனால் இந்தச் சங்கடம் அதற்கு அரிது. அடைப்பு விழுந்த பிறகும் சிறுநீரகம் கொஞ்ச நேரம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். பை நிரம்பி இறுகும். அழுத்தம் மேல்நோக்கித் திரும்பும். கடைசியில் வடிகட்டுவதே நின்றுபோகும். ஒரு நாளைக்குள் கழிவுகள் ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடும். இரண்டாம் நாள் உயிராபத்து.

அந்தப் பூனையைக் கொல்வது வெடித்த சிறுநீர்ப்பை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பொட்டாசியம்தான் கொல்கிறது. உயிரணுவுக்குள் பொட்டாசியம் மிக அதிகம், வெளியே ரத்தத்தில் மிகக் குறைவு. இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் இதயத் தசை தன் மின்னழுத்தத்தைப் பெறுகிறது. ஆரோக்கியமான பூனையின் ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5.5 மில்லிமோல் வரை பொட்டாசியம் இருக்கும். சிறுநீரில் வெளியேற வேண்டியது வெளியேறாமல் அது 8, 9 என்று ஏறும்போது உள்ளுக்கும் வெளிக்குமான வித்தியாசம் சுருங்குகிறது. சோடியம் நுழைய வேண்டிய வாயில்கள் மூடியபடியே கிடக்கின்றன. மின் துடிப்பு இதயத்தில் தள்ளாடித் தள்ளாடிப் பரவுகிறது. மருத்துவமனைக்கு வந்த பயத்தில் எந்தப் பூனைக்கும் நிமிடத்துக்கு 180, 200 என்று நாடி ஓட வேண்டும். அடைப்பு விழுந்த பூனைக்கோ நூறோ அதற்கும் கீழோ இருக்கும். ‘அமைதியாகிவிட்டது, வலி குறைந்துவிட்டது போல’ என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பது இந்த நிலையைத்தான்.

மருத்துவர் முதலில் அடைப்பை எடுக்கப் போவதில்லை என்பதைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். அவர் முதலில் கால்சியம் குளுக்கோனேட்டைச் சிரையில் மெல்ல ஏற்றுவார். அது பொட்டாசியத்தை ஒரு துளிகூடக் குறைக்காது. இதயத் தசை தூண்டப்படுகிற எல்லையைக் கொஞ்சம் உயர்த்தி, வித்தியாசத்தை மீட்டுத் தரும், அவ்வளவுதான். சில நிமிடங்களில் வேலை செய்யும். அரைமணி நேரத்தில் பலன் தீர்ந்துவிடும். அந்த அரைமணிக்குள் இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்துப் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளுவார்கள். பிறகு மயக்கம் கொடுத்து, கதீட்டர் நுழைத்து அடைப்பை நீக்குவார்கள். நேரத்தைக் கடன் வாங்கி, அந்தக் கடன் முடிவதற்குள் வேலையை முடிப்பது. அவசர சிகிச்சையில் பாதி இப்படித்தான் நடக்கிறது.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே கேள்விதான்: விடியும்வரை தாங்குமா? இரவு பதினொரு மணிக்கு ஒரு நாயோ பூனையோ சரியில்லாமல் கிடக்கும்போது, நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது உரிமையாளரின் வேலையில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். அந்தப் பதில் பார்வைக்குக் கிடைக்காது என்பதுதான் சிக்கல். பார்க்கப் பயங்கரமாக இருப்பது பல சமயம் காத்திருக்கும். ஒன்றுமில்லை என்று தோன்றுவது காத்திருக்காது.

சத்தமும் அமைதியும்

நகம் பிய்ந்த நாய் வீடு முழுக்க ரத்தச் சுவடு பதிக்கும். பார்த்தால் கொலை நடந்த இடம் மாதிரி இருக்கும். ஒரு துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். காலையில் போனால் போதும். வலிப்பு வந்து, ஓரிரு நிமிடத்தில் தானாக நின்று, நாய் எழுந்து தடுமாறி நடக்கிறது என்றால், மருத்துவரை அழைத்துச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்பும், நினைவு திரும்புமுன் அடுத்தது வரும் வலிப்பும் வேறு கதை. தொடர்ந்து இழுக்கும் தசைகள் உடலைச் சூடாக்கி, மூளைக்கும் சேர்த்துக் கேடு செய்யும்.

வலியை மறைப்பதில் பூனை இன்னும் மோசம். வேட்டையாடும் விலங்கு என்று அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறோம். தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு அது இரையும்கூட. வலியைக் காட்டிக்கொண்ட பூனை வெகுநாள் பிழைத்திருக்காது. 2019-இல் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் பூனையின் முகத்தைப் பார்த்தே வலியை மதிப்பிட ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். காது நிற்கும் விதம், கண் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதியின் இறுக்கம், மீசை, தோளுக்கு மேலா கீழா தலை இருக்கிறது ஆகிய ஐந்தும்தான். கத்துகிறதா என்பது அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

அடுக்குமாடி வாழ்க்கை பெருகிய நம் நகரங்களில் இன்னொன்றும் நடக்கிறது: பால்கனியிலிருந்து விழும் பூனை. நியூயார்க்கில் 1980-களில் ஐந்து மாத காலத்தில் மாடிகளிலிருந்து விழுந்து ஒரே மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஓர் ஆய்வு வெளியானது. சுமார் 90 சதவீதம் பிழைத்தன. ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்தவற்றுக்கு அடி குறைவாக இருந்தது என்ற செய்திதான் உலகம் முழுக்கப் பரவியது. விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிப் போவதில்லை என்ற எளிய உண்மையைச் செய்தி எழுதியவர்களில் பலர் யோசிக்கவில்லை. நமக்கு இங்கே வேண்டியது வேறு. விழுந்த பூனை எழுந்து நடந்து கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நுரையீரலில் ஏற்பட்ட கன்றல் அடுத்த சில மணி நேரங்களில்தான் முற்றும். நெஞ்சுக்கூட்டுக்குள் கசியும் காற்று மெல்லத்தான் சேரும். பூனை வாயைத் திறந்து மூச்சுவிட ஆரம்பித்தால் அதற்குமேல் யோசிக்க எதுவுமில்லை. நாய் வாய் திறந்து மூச்சிரைப்பது இயல்பு. பூனைக்கு அது ஆபத்தின் உச்சம்.

முறுக்கிக்கொள்ளும் இரைப்பை

நாய்களுக்கு வரும் இரவு அவசரங்களில் நேரத்தோடு நேரடியாகப் பந்தயம் ஓட வேண்டியது இதுதான். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போல ஆழமும் ஒடுக்கமுமான மார்புக்கூடு கொண்ட இனங்களுக்கு அதிகம் வரும். நம் ஊர்ச் சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும் அதே உடல்வாகுதான் என்பதால் அவற்றை வளர்ப்பவர்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. இரவுச் சாப்பாடு முடிந்து சில மணி நேரம் கழித்து நாய் நிலைகொள்ளாமல் அலையும். ஓங்கரிக்கும், ஆனால் நுரைத்த எச்சிலைத் தவிர எதுவும் வராது. விலாவுக்குப் பின்னால் வயிறு புடைத்து, தட்டினால் மத்தளம் போல ஒலிக்கும்.

உள்ளே நடப்பது இது. காற்றால் உப்பிய இரைப்பை தன் அச்சிலேயே புரண்டு, அரைச் சுற்றோ அதற்கு மேலோ முறுக்கிக்கொள்கிறது. உணவு வந்த வழியும் அடைபடுகிறது, போகும் வழியும் அடைபடுகிறது. மண்ணீரலும் கூடவே இழுபடுகிறது. காற்று ஏற ஏற இரைப்பை பின்பக்கம் சாய்ந்து, உடலின் பின்பாதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெருஞ்சிரையை நசுக்குகிறது. இதயம் நன்றாகத்தான் இருக்கிறது. அடிப்பதற்கு ரத்தம் வந்து சேரவில்லை.

இதனால்தான் இந்த நாய்க்கு டிரிப்ஸ் ஏற்றுபவர் முன்னங்காலைத் தேடுவார். பின்னங்காலில் ஏற்றிய திரவம் நசுங்கிய சிரையைத் தாண்டி இதயத்துக்குப் போய்ச் சேராது. உடற்கூறு தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் சில சமயம் எந்தக் காலில் ஊசி குத்துகிறார் என்ற அளவில்தான் இருக்கிறது. அடுத்து வாய்வழியே குழாய் செலுத்திக் காற்றை இறக்குவார்கள். குழாய் போகவில்லையென்றால் விலாவுக்குப் பின்னால் தடித்த ஊசியைக் குத்தியே காற்றை விடுவார்கள். அதன் பிறகு அறுவை சிகிச்சை: முறுக்கைப் பிரித்து, கறுத்துப்போன பகுதி இருந்தால் வெட்டி எடுத்து, திரும்ப முறுக்காதபடி இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடுவது.

எந்த நாய் பிழைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். ஆக்சிஜன் கிடைக்காத திசு லாக்டேட் என்ற பொருளை ரத்தத்தில் கொட்டும். 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வந்து சேர்ந்தபோது லிட்டருக்கு 6 மில்லிமோலுக்குக் குறைவான லாக்டேட் இருந்த நாய்களில் 99 சதவீதம் பிழைத்தன. அதற்கு மேல் இருந்தவற்றில் 58 சதவீதம். அந்த எண்ணை நான் நேரத்தின் அளவீடாகவே படிக்கிறேன். நாயின் குணமோ மருத்துவரின் கைத்திறனோ எல்லாம் சேர்ந்துதான் முடிவு என்றாலும், திசு எவ்வளவு நேரம் மூச்சுத் திணறியது என்பதே அதில் பெரும்பங்கு. காலையில் கொண்டுவந்த நாய்க்கும் இரவே கொண்டுவந்த நாய்க்கும் நோய் ஒன்றுதான்.

விஷத்தின் கணக்கு

சாக்லேட் சாப்பிட்ட நாய்க்காக வரும் இரவு அழைப்புகள் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே பதற்றத்தைவிடக் கணக்கு உதவும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகிறது. மனிதருக்கு அதில் பாதியும் ஆவதில்லை. நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனால் வாந்தியும் அமைதியின்மையும், 40-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பில் கோளாறு, 60-இல் வலிப்பு. பால் சாக்லேட்டில் கிராமுக்கு 2 மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும். 10 கிலோ நாய் 40 கிராம் பால் சாக்லேட்டைத் தின்றுவிட்டால் கிலோவுக்குச் சுமார் 8 மில்லிகிராம். தூங்கப் போகலாம். அதே நாய் 100 கிராம் கறுப்புச் சாக்லேட்டைத் தின்றிருந்தால், கிராமுக்கு 5 முதல் 15 மில்லிகிராம் வரை இருக்கும் என்பதால், செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இந்தக் கணக்குக்கு வேண்டியவை இரண்டு: நாயின் எடை, உறை. உறையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

எலி மருந்து இதற்கு நேரெதிர். தின்ற நாய் அன்று இரவும் நன்றாக இருக்கும், மறுநாளும் விளையாடும். கடைகளில் கட்டியாக விற்கும் புரோமாடியோலோன் வகை மருந்துகள் வைட்டமின் கே-யை உடல் மறுபடி மறுபடி பயன்படுத்தும் சுழற்சியைத் தடுக்கின்றன. ரத்தம் உறையத் தேவையான காரணிகளில் நான்கு இந்த வைட்டமினை நம்பியிருக்கின்றன. ஏற்கனவே தயாராக இருந்தவை தீரும்வரை எதுவும் வெளியே தெரியாது. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ நெஞ்சுக்குள் ரத்தம் கசிந்து மூச்சுத் திணறும்போது, எலி மருந்து வைத்ததையே வீட்டில் மறந்திருப்பார்கள். முதல் இரவே போனால் வாந்தி எடுக்கவைத்து, வைட்டமின் கே1 மாத்திரையோடு முடியக்கூடிய விஷயம் இது. சில நாட்கள் கழித்துப் போனால் ரத்தம் ஏற்ற வேண்டும். எல்லா எலி மருந்தும் ஒன்றல்ல என்பதும் முக்கியம். சிங்க் பாஸ்பைடு இரைப்பை அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாகும். நாய் வாந்தியெடுத்தால் அந்த வாயு கூட இருப்பவர்களையும் தாக்கும். கார் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் கல்லீரலை அழிக்கும். மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. அட்டைப்பெட்டியைக் கொண்டுபோகச் சொல்வது இதற்காகத்தான்.

பூனைக்குக் காய்ச்சல் என்று யாரோ அரை மாத்திரை டோலோ, அதாவது பாரசிட்டமால், கொடுத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்யும் காரியங்களில் இவ்வளவு கொடியது வேறு இருக்குமா தெரியவில்லை. பாரசிட்டமாலைக் குளுக்குரோனிக் அமிலம் என்ற பொருளோடு இணைத்து வெளியேற்றும் வழி நம் கல்லீரலுக்கு உண்டு. அதற்கான மரபணு பூனையிடம் பழுதாகிக் கிடக்கிறது. வீட்டுப் பூனை மட்டுமல்ல, சிங்கம், புலி உட்பட மொத்தப் பூனைக் குடும்பத்துக்கும் இதே கதி. பழுப்புக் கழுதைப்புலியிடமும் வடக்கு யானைக் கடல்நாயிடமும்கூட அந்த மரபணு செத்துக் கிடப்பதை 2011-இல் கண்டறிந்தார்கள். எல்லாம் பெரும்பாலும் இறைச்சியோ மீனோ தின்னும் விலங்குகள். தாவரங்களில் இருக்கும் நச்சுகளைச் சமாளிக்க உதவும் கருவி அது. செடியை அதிகம் தொடாத பரம்பரைக்கு அது கெட்டாலும் நட்டமில்லை, கெட்டது அப்படியே தங்கிவிட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் மாத்திரை வந்தது.

வெளியேற வழியில்லாத பாரசிட்டமால் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாறுகிறது, ரத்தமே பழுப்பாகிறது. ஈறு சேறு நிறத்துக்கு வரும், முகமும் பாதமும் வீங்கும். ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனைக்கு எமன். முறிமருந்து உண்டு: அசிட்டைல்சிஸ்டீன், மனிதருக்குச் சளி கரைக்கக் கொடுக்கும் அதே மருந்து. கொடுக்கும் நேரம் தள்ளிப்போகப் போக அதன் பயனும் குறையும்.

இங்கே ஒரு வீட்டு வைத்தியத்தைக் கண்டித்தே ஆக வேண்டும். விஷம் தின்ற நாய்க்கு உப்புக் கரைசல் ஊற்றி வாந்தியெடுக்க வைப்பது நம் ஊரில் இன்னும் நடக்கிறது. வாந்தி வராவிட்டால் அந்த உப்பு முழுவதும் ரத்தத்தில் ஏறி, மூளையிலிருந்து நீரை உறிஞ்சி, விஷம் செய்யாத கொலையையும் செய்துவிடும். மருத்துவரிடம் நாய்க்கு அபோமார்ஃபின் இருக்கிறது. பூனைக்கு அது சரிவர வேலை செய்யாது. அதன் மூளையில் வாந்தியைத் தூண்டும் பொத்தான் வேறு வேதிப்பொருளுக்குத்தான் பதில் சொல்லும் என்பதால் சைலசின் போன்ற மருந்தைப் போடுவார்கள். எதுவானாலும் தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் செய்தால்தான் பயன்.

பாம்பு வரும் இரவு

இங்கிலாந்தின் அவசர சிகிச்சை நூல்களில் சில பக்கங்களில் முடிந்துவிடும் பாம்புக்கடி, தமிழ்நாட்டில் தோட்டம் வைத்த எந்த வீட்டு நாய்க்கும் நேரலாம். நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு முகத்தை நீட்டும். அதனால் கடி பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும் விழும். கண்ணாடி விரியன் கடித்தால் சில மணி நேரத்தில் முகம் உருத்தெரியாமல் வீங்கும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்புக்கும் தசைக்கும் இடையிலான பேச்சைத் துண்டிக்கின்றன. கட்டுவிரியன் இரவில் திரிவது. அது கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது. நாய் பின்னங்கால் துவண்டு, குரல் மாறி, மூச்சுத் தசைகள் ஓய்ந்து சாகும். ‘வீக்கமே இல்லை, தண்ணீர்ப் பாம்பாக இருக்கும்’ என்ற ஆறுதல் இதில் எடுபடாது.

நள்ளிரவில், ஆய்வகம் பூட்டிக் கிடக்கையில், மருத்துவரிடம் இருக்கும் மிகச் சிறந்த சோதனைக்கு ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாய் போதும். இரண்டு மில்லிலிட்டர் ரத்தத்தை அதில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் விரியன் விஷம் உறைபொருளைத் தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். கண்ணாடி விரியன் விஷம் உறைதல் காரணிகளை நேரடியாகத் தூண்டிவிட்டு, உடம்பு முழுக்கச் சின்னச்சின்னதாக உறையவைத்து, கையிருப்பைக் காலிசெய்துவிடுகிறது. இந்தக் குணத்துக்காகவே மனித ஆய்வகங்களில் லூபஸ் தொடர்பான ஓர் உறைதல் சோதனைக்கு அதே விஷத்தைத் துளித்துளியாகப் பயன்படுத்துகிறார்கள்.

சிகிச்சைக்குத் தனியாக நாய் மருந்து கிடையாது. மனிதருக்குப் போடும் அதே நான்கு பாம்பு விஷமுறிவு மருந்துதான். அதைத் தயாரிக்கக் குதிரைகளுக்குச் செலுத்தும் விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியிலிருந்து போகிறது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளைப் பிடித்துவந்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மருந்தின் அளவு பலருக்குக் குழப்பம் தருவது. ‘சின்ன நாய்தானே, பாதி போதாதா?’ என்று கேட்பார்கள். மருந்து முறிக்க வேண்டியது விஷத்தை. நாயின் எடை அங்கே கணக்கில் வராது. நம் நாட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டர், 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். ஒரு குப்பியில் 10 மில்லிலிட்டர், ஆக 6 மில்லிகிராம். அந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாக இறக்குவது 60 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதல் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பத்துக் குப்பி என்ற கணக்கு இப்படித்தான் வருகிறது. நாய் சிறியதென்றால் அதே விஷம் குறைந்த ரத்தத்தில் கலந்திருக்கிறது, நிலைமை இன்னும் மோசம். காலை இறுகக் கட்டுவது, கீறி ரத்தம் எடுப்பது இரண்டும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போவதே முதலுதவி.

எங்கே போவது?

ரத்தம் தேவைப்பட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டி யாரும் யோசிப்பதில்லை. ரத்தம் ஏற்றுவது தொடங்கியதே நாயில்தான். 1665-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் லோயர் ஒரு நாயின் ரத்தத்தை இன்னொன்றுக்கு ஏற்றிப் பிழைக்கவைத்தார். பொருத்தமே பார்க்காமல் அவர் வெற்றிபெற்றதற்குக் காரணம் உண்டு. முதல் முறை ரத்தம் பெறும் நாய்க்குப் பெரும்பாலும் எதிர்ப்பு வராது. பூனைக்கு அந்தச் சலுகை இல்லை. பி வகை ரத்தமுள்ள பூனைக்குப் பிறவியிலேயே ஏ வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் உண்டு. மிகச் சிறிதளவு தவறான ரத்தமும் கொல்லும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி இருக்கிறது. 1903-இல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. நாய்களுக்கான ரத்த வங்கியும் அங்கே உண்டு. மற்ற ஊர்களில் நிலைமை ஊருக்கு ஊர் மாறும். இங்கிலாந்தில் தொழில்புரியும் ஒவ்வொரு கால்நடை மருத்துவரும் 24 மணி நேரமும் அவசர முதலுதவிக்கும் வலி தணிப்புக்கும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நடத்தை விதி. தான் வர முடியாவிட்டால் யாரிடம் போக வேண்டும் என்றாவது சொல்லியாக வேண்டும். இங்கே இரவில் கதவு திறந்திருப்பது பெரும்பாலும் அந்தந்த மருத்துவமனையின் விருப்பம். 1962 என்ற எண்ணில் வரும் அரசு ஊர்தி முதன்மையாக ஆடு மாடுகளுக்காக ஏற்பட்டது. அடுக்குமாடிப் பூனைக்கு நடுராத்திரியில் வந்து நிற்கும் என்று எண்ணியிருக்க வேண்டாம். ‘24 மணி நேரம்’ என்று பலகை மாட்டிய இடங்களிலும் மூன்று நிலைகள் உண்டு. மருத்துவர் உள்ளேயே இருக்கலாம், அழைத்தால் வரலாம், உதவியாளர் மட்டும் இருந்து தொலைபேசியில் கேட்டுச் செய்யலாம். எக்ஸ்ரேவும் ஆக்சிஜனும் ராத்திரி கிடைக்குமா, அறுவை சிகிச்சை செய்வார்களா என்பதையும் தடுப்பூசிக்குப் போகும் ஒரு சாதாரணப் பகலில் கேட்டு வைத்துக்கொள்வதே உத்தமம். இரவு இரண்டு மணிக்குக் கேட்டால் நமக்குப் பதில் காதில் விழாது.

அழைக்கும்போது எதைச் சொல்வது? ‘டாக்டர், பையன் டல்லா இருக்கான், சாப்பிடல’ என்பதில் மருத்துவருக்குப் பிடிமானம் ஒன்றுமில்லை. ‘டாக்டர், லேப்ரடார், 30 கிலோ, ஒன்பது மணியிலிருந்து ஓங்கரிக்குது, எதுவும் வரல, ஈறு வெளுத்திருக்கு’ என்றால் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அறை தயாராகிவிடும். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பதற்குப் பயிற்சி தேவையில்லை. இளஞ்சிவப்பு நல்லது, வெளுப்பு, நீலம், பழுப்பு, செங்கல் சிவப்பு எல்லாம் கெட்டவை. விரலால் ஈறை அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தூங்கும் நாயும் பூனையும் நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சுவிடக் கூடாது. கறுப்பு ஈறு கொண்ட நாய்களுக்குக் கீழிமையை இழுத்துப் பார்க்கலாம்.

புறப்படுவதற்கு முன் நேரம் செலவழிக்க வேண்டிய அவசரம் ஒன்றே ஒன்று உண்டு: வெப்பத் தாக்கு. நாயின் இயல்பான வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலில் மாலை நடைக்குப் போய்வந்த பக் நாய்க்கு 41-ஐத் தாண்டிவிட்டால் குடல் சுவரும் மூளையும் வெந்துகொண்டிருக்கின்றன என்றே கொள்ள வேண்டும். முதலில் குளிரவைத்துவிட்டு அப்புறம்தான் வண்டி. குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, மின்விசிறியின் கீழ் நிறுத்துங்கள். ஈரத் துண்டைப் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கும். சென்னைக் கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குளிர்ந்திருக்காது என்பதால் ஃபிரிட்ஜ் தண்ணீரைக் கலந்துகொள்ளலாம். பனிக்கட்டித் தண்ணீர் கேடு என்ற பழைய பயத்தை இப்போதைய ஆய்வுகள் ஏற்பதில்லை. 39.5-க்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு, ஏசி போட்ட வண்டியில் கிளம்பலாம். தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். ரத்த உறைதல் கோளாறும் சிறுநீரகப் பாதிப்பும் ஓரிரு நாள் கழித்து வரும்.

வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். துணியால் வாயைத் தளரக் கட்டிக்கொள்ளலாம். மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தியெடுக்கும் நாய்க்கும் கட்டக் கூடாது. பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறாதீர்கள். கூடை இல்லாவிட்டால் தலையணை உறை போதும்.

போய்ச் சேர்ந்ததும் வரிசையில் ஒரு சண்டை வரக்கூடும். நீங்கள் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருப்பீர்கள். இப்போதுதான் வந்த ஒருவரின் பூனையை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் லாரே, காயத்தின் கடுமையைப் பார்த்தே வரிசை, பதவியைப் பார்த்தல்ல என்று ஏற்பாடு செய்தார். வேப்பேரியிலும் அதே ஏற்பாடுதான். முதலில் மூச்சு, பிறகு ரத்த ஓட்டம், அதற்குப் பிறகு நரம்பு, கடைசியில் மற்றதெல்லாம். வாசலில் ஓர் இளம் மருத்துவர் வந்து உங்கள் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்து, தொடையின் உட்புறம் விரல் வைத்து நாடி பிடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுத்த ஆளிடம் போகிறார் என்றால் அவர் உங்களைப் புறக்கணிக்கவில்லை. அந்த இருபது நொடியில், காத்திருக்கக்கூடிய நாய் என்று அவர் எழுதிவிட்டார். இடையில் ஈறு நிறம் மாறினால் மட்டும் எழுந்து போய்ச் சொல்லுங்கள்.